‘நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது’: தடை நம்பிக்கை எப்படி வேலை செய்கிறது?

“எனக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம்.” “நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.” “இந்த வயசுக்கு மேல் புதுசாக என்ன கற்றுக்கொள்வது?”

இப்படி ஏதாவது ஒன்றைச் சொல்லாதவர்கள் குறைவு. இதற்குப் பதிலாக நாம் வழக்கமாகக் கேட்பது, “மனத்தடையை உடையுங்கள், எதையும் சாதிக்கலாம்” என்ற உற்சாகப் பேச்சு. சிலர் அதை அப்படியே நம்புகிறார்கள். கண்ணாடி முன் நின்று “என்னால் முடியும்” என்று சொல்லிப் பார்க்கிறார்கள். எதுவும் மாறாதபோது, “ஒழுங்காக நம்பக்கூட எனக்குத் தெரியவில்லை” என்று இன்னொரு பழியையும் தங்கள் தலையில் ஏற்றிக்கொள்கிறார்கள். வேறு சிலர், “எல்லாம் வாய்ச்சவடால்” என்று மொத்தமாக ஒதுக்கிவிடுகிறார்கள். உற்சாகப் பேச்சுக்கு வெளியே, உளவியலாளர்கள் பல பத்தாண்டுகளாகப் பொறுமையாக ஆராய்ந்த விஷயம் ஒன்று இருக்கிறது. இரண்டு தரப்பினருக்கும் அது போய்ச் சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

## முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம்?

ஒருவர் தன்னைப் பற்றி ஒரு கணிப்பு வைத்திருக்கிறார். அதை அவர் சோதித்துப் பார்ப்பதில்லை. ஆனாலும் அது உண்மை என்றே எண்ணி, தான் விரும்பும் ஒன்றைச் செய்யாமல் இருந்துவிடுகிறார். இந்தக் கட்டுரையில் அந்தக் கணிப்பைத்தான் ‘தடை நம்பிக்கை’ என்கிறேன்.

எல்லா ‘முடியாது’களும் தடை நம்பிக்கை ஆகிவிடாது. இரண்டு வேலை பார்த்துக்கொண்டு வீட்டில் நோயாளியையும் கவனித்துக்கொள்கிற ஒருவர், “எனக்குப் படிக்க நேரமில்லை” என்றால், அவருக்கு உண்மையிலேயே நேரமில்லை. அது நிஜமான வரம்பு. அவரிடம் போய் மனநிலையை மாற்றிக்கொள்ளச் சொல்வது அநியாயம். நீச்சல் கற்காதவர் “எனக்கு நீச்சல் தெரியாது” என்றால் அது வெறும் தகவல். தண்ணீரில் இறங்கியே பார்க்காமல் அவர் “எனக்கு நீச்சல் வரவே வராது” என்னும்போதுதான் அது தடை நம்பிக்கை. முதல் வாக்கியம் இன்றைய நிலையைச் சொல்கிறது. இரண்டாவது, இனி வரப்போகும் எல்லா நாட்களுக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதிவிடுகிறது.

## மூடிய சாலை

நீங்கள் தினமும் போகிற சாலையில் ஒரு நாள் பள்ளம் தோண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். சுற்றுப்பாதையில் போகிறீர்கள். மறுநாளும் அப்படியே. மாதக்கணக்கில் அதுவே பழக்கமாகிவிடுகிறது. பள்ளத்தை மூடிச் சாலையைத் திறந்து எத்தனையோ நாள் ஆகியிருக்கலாம். நீங்கள் அந்தப் பக்கமே போவதில்லை என்பதால் அது உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. போதாக்குறைக்கு, சுற்றுப்பாதை உங்களை ஒவ்வொரு நாளும் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. “நல்லவேளை, இந்தப் பக்கம் வந்தோம்” என்று ஒரு நிம்மதி வேறு. சாலை இன்னும் மூடித்தான் கிடக்கிறது என்பதற்குப் புதிதாக ஒரு ஆதாரமும் வரவில்லை. ஆனாலும் அந்த எண்ணம் நாளுக்கு நாள் கெட்டிப்படுகிறது.

முதல் நாள் சாலை உண்மையிலேயே மூடித்தான் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. தடை நம்பிக்கை உள்ளவர் முட்டாள் இல்லை. வகுப்பில் எழுந்து நின்று தவறான விடை சொன்னபோது யாராவது சிரித்திருப்பார்கள். முதல் நேர்முகத் தேர்வு படுமோசமாகப் போயிருக்கும். நடந்தது நிஜம். பல ஆண்டுகளாக அதைத் திரும்பச் சோதிக்கவில்லை என்பதுதான் பிரச்சினை. அதேபோல, வீட்டில் உட்கார்ந்து “சாலை திறந்திருக்கிறது” என்று நூறு முறை சொன்னாலும் ஒன்றும் தெரியப்போவதில்லை. ஒரு தடவை அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

## நிம்மதி என்கிற சம்பளம்

இனி உண்மையான இயக்கத்துக்கு வருவோம். ஒரு இணையவழிக் கூட்டம். பத்துப் பேர் இருக்கிறார்கள். உங்களிடம் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. அதை மனதுக்குள் ஒரு வாக்கியமாக அமைக்கிறீர்கள். ‘இது சரியா, அது சரியா’ என்று வார்த்தைகளை மாற்றிப் பார்க்கிறீர்கள். விரல் மைக் பொத்தானுக்கு மேலே நிற்கிறது. நெஞ்சு படபடக்கிறது. யாரோ பேசி முடிக்கக் காத்திருக்கிறீர்கள். அவர் முடிப்பதற்குள் பேச்சு வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறது. விரலை எடுத்துவிடுகிறீர்கள். அந்த நொடியில் தோள்கள் இறங்குகின்றன, மூச்சு சீராகிறது. அப்பாடா!

அந்த ‘அப்பாடா’வைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். பயமுறுத்தும் ஒன்றிலிருந்து விலகி நிற்பதைத் ‘தவிர்ப்பு’ என்கிறார்கள். விலகியதும் கிடைக்கிற நிம்மதி, மூளைக்கு ஒரு பரிசு. பரிசு கிடைத்த செயலை மறுபடி செய்வது மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் இயல்பு. எனவே அடுத்த கூட்டத்தில் விரல் இன்னும் சீக்கிரமாக விலகும். கொஞ்ச நாளில் பொத்தான் பக்கம் போகவே போகாது. இதில் சோம்பலும் இல்லை, கோழைத்தனமும் இல்லை. கற்றல்தான் நடந்திருக்கிறது. கற்றுக்கொண்ட பாடம்தான் தவறு: “பேசாததால் தப்பித்தோம்.” பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு விடையே கிடைக்கவில்லை.

இதைவிட நுட்பமான ஒரு வகையும் உண்டு. சிலர் பேசுவார்கள். ஆனால் எழுதி வைத்ததை ஒரு எழுத்துகூடப் பிசகாமல், வேகமாக, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வாசித்து முடித்துவிடுவார்கள். ஒன்றும் ஆகாது. ஆனால் மனம் என்ன கணக்குப் போடும்? “எழுதி வைத்திருந்ததால் பிழைத்தோம்.” இப்படிச் செயலுக்குள்ளேயே வைத்துக்கொள்கிற கேடயங்களைப் ‘பாதுகாப்பு நடத்தை’ என்பார்கள். இவை இருக்கும்வரை, நூறு கூட்டங்களில் பேசினாலும் பழைய நம்பிக்கை எளிதில் அசையாது. “நானும் எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டேன், பயம் போகவில்லை” என்று சொல்கிறவர்கள் முதலில் இந்த இடத்தில்தான் தேடிப் பார்க்க வேண்டும் என்பேன்.

## சாதகமான சாட்சிகளை மட்டும் அழைக்கும் மனம்

தவிர்ப்பு ஒரு பக்கம் என்றால், ஆதாரத்தைப் பொறுக்கி எடுக்கும் பழக்கம் இன்னொரு பக்கம். 1960-இல் பிரிட்டிஷ் உளவியலாளர் பீட்டர் வேசன் ஒரு சோதனை நடத்தினார். பங்கேற்றவர்களுக்கு 2, 4, 6 என்ற மூன்று எண்களைக் கொடுத்தார். இவை ஒரு விதிப்படி அமைந்தவை, நீங்களும் மூன்று மூன்று எண்களாகச் சொல்லுங்கள், விதிக்குள் வருகிறதா இல்லையா என்று சொல்கிறேன், விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். பலர் 8, 10, 12 என்றார்கள். “வருகிறது.” 20, 22, 24 என்றார்கள். “வருகிறது.” ‘இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்’ என்று விடை சொன்னார்கள். தவறு. உண்மையான விதி, ‘ஏறுவரிசையில் உள்ள ஏதாவது மூன்று எண்கள்’. 3, 7, 50 என்று ஒரு தடவை கேட்டிருந்தால் தங்கள் ஊகம் உடைந்திருக்கும். ஊகத்தை உடைக்கக்கூடிய கேள்வியைக் கேட்க மனம் எளிதில் முன்வருவதில்லை. ஏற்கெனவே நினைப்பதற்குச் சாதகமானதையே தேடும் இந்தச் சாய்வுக்கு ‘உறுதிப்படுத்தல் சார்பு’ என்று பெயர்.

எண்களைப் பற்றிய ஊகத்துக்கே இந்தக் கதி. தன்னைப் பற்றிய நம்பிக்கையைக் கேட்கவா வேண்டும்! “நான் பேச்சில் மோசம்” என்று நம்புகிறவர் பத்து நிமிடம் நன்றாகப் பேசிவிட்டு, நடுவில் தடுமாறிய ஒரே ஒரு சொல்லை இரவெல்லாம் அசைபோடுவார். யாராவது பாராட்டினால், “சும்மா மரியாதைக்குச் சொல்கிறார்கள்” என்று தள்ளிவிடுவார். எதிர்ச் சாட்சி வந்தாலும் அதைக் கூண்டில் ஏற்ற அவர் விடமாட்டார்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: ஒரு கசப்பான அனுபவத்திலிருந்து கணிப்பு பிறக்கிறது. தவிர்ப்பும் பாதுகாப்பு நடத்தையும் அதைச் சோதனைக்கு வரவிடாமல் காக்கின்றன. அவற்றையும் மீறி வரும் ஆதாரத்தை உறுதிப்படுத்தல் சார்பு வடிகட்டிவிடுகிறது. அறிவாளிகளிடமும் இந்த நம்பிக்கைகள் பல்லாண்டு நீடிப்பது இதனால்தான்.

## ‘என்னால் முடியும்’ என்று சொல்லிக்கொண்டால் போதாதா?

2009-இல் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இது. “நான் அன்புக்கு உரியவன்” என்ற பொருள்படும் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் செய்தார்கள். தன்னைப் பற்றி ஏற்கெனவே நல்ல மதிப்பு வைத்திருந்தவர்களுக்கு அது லேசாக உதவியது. தன்மதிப்பு குறைந்தவர்களுக்கு, அதாவது இந்த அறிவுரை யாருக்காகச் சொல்லப்படுகிறதோ அவர்களுக்கே, மனநிலை இன்னும் கெட்டது. தான் நம்பாத ஒன்றைச் சொல்லும்போது, “அப்படியா? அன்றைக்கு நடந்தது?” என்று உள்ளே எதிர்வாதம் கிளம்புகிறது என்பது ஒரு விளக்கம். ஜெர்மானிய உளவியலாளர் காப்ரியேல் எட்டிங்கனின் ஆய்வுகளும் இதற்குப் பக்கத்தில்தான் வருகின்றன. இலக்கு கைகூடிவிட்டது போன்ற இனிய கற்பனையில் திளைப்பவர்கள் பல சமயம் அதற்காகக் குறைவாகவே உழைக்கிறார்கள் என்று அவர் காட்டினார்.

“ரோஜர் பானிஸ்டர் கதை இருக்கிறதே?” என்று கேட்பீர்கள். மனத்தடை பற்றிய பேச்சுகளில் அடிக்கடி வருகிற உதாரணம் அது. ஒரு மைல் தூரத்தை 4 நிமிடத்துக்குள் மனிதனால் ஓடவே முடியாது என்று உலகம் நம்பியதாம். 1954 மே 6 அன்று ஆக்ஸ்போர்டில் அவர் 3 நிமிடம் 59.4 விநாடிகளில் ஓடி முடித்தாராம். நம்பிக்கை உடைந்ததும் மற்றவர்களும் ஓடித் தள்ளினார்களாம்.

நாளும் நேரமும் சரி. ஆனால் கதையில் விட்டுப்போனவை நிறைய. 1945-இலேயே ஸ்வீடன் வீரர் குண்டர் ஹேக் 4 நிமிடம் 1.4 விநாடியில் ஓடியிருந்தார். எல்லைக்கு மிக அருகில் வந்தாகிவிட்டது. மருத்துவ மாணவரான பானிஸ்டர் திட்டமிட்டு, வேகமாக ஓடிச் சற்று ஓய்ந்து மறுபடி வேகமாக ஓடும் இடைவெளிப் பயிற்சி செய்தார். அன்றைய ஓட்டத்தில் கிறிஸ் பிராஷரும் கிறிஸ் சாட்டவேயும் முறை வைத்து முன்னால் ஓடி அவருக்கு வேகம் பிடித்துக் கொடுத்தார்கள். 46 நாள் கழித்து அந்தச் சாதனையை முறியடித்த ஆஸ்திரேலியாவின் ஜான் லேண்டியும் திடீரென்று நம்பிக்கை பெற்று ஓடியவர் இல்லை. அதற்கு முன்பே பல முறை 4 நிமிடம் 2 விநாடி அளவில் ஓடிக்கொண்டிருந்தவர். பின்லாந்தில் அவர் சாதனை படைத்த ஓட்டத்தில் அதே சாட்டவே போட்டியாளராக அவரை விரட்டி வந்தார்.

பானிஸ்டரின் ஓட்டம் மற்றவர்களுக்கு நம்பிக்கை தந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. தந்திருக்கும். ஆனால் பயிற்சியையும் துணைவர்களையும் அழித்துவிட்டு நம்பிக்கையை மட்டும் மேடையேற்றினால், தோற்றவர்களைப் பார்த்து “நீ போதுமான அளவு நம்பவில்லை” என்று சொல்லும் கொடுமையில்தான் அது போய் முடியும்.

## நம்பிக்கை எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை சொன்னவர் கனடாவில் பிறந்து, அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் பந்தூரா (1925–2021). 1977-இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் மையக் கருத்து ‘சுயதிறன் நம்பிக்கை’. ஒரு குறிப்பிட்ட செயலைத் தன்னால் செய்து முடிக்க முடியும் என்ற எண்ணம் என்று இதற்குப் பொருள். ‘குறிப்பிட்ட’ என்பது இங்கே முக்கியம். மொத்தமாக ‘நான் உயர்ந்தவன்’ என்று நினைப்பது வேறு. ஒரே ஆளுக்குச் சமையலில் நிறையவும் கணக்கில் கொஞ்சமும் சுயதிறன் நம்பிக்கை இருக்கலாம்.

இது நான்கு வழிகளில் வளர்கிறது என்றார் பந்தூரா. தானே செய்து பார்த்து வெற்றி பெறுவது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் ஊக்கமாகச் சொல்வது, உடலின் படபடப்பை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது. நான்கிலும் வலுவானது முதலாவது. உற்சாகப் பேச்சு மூன்றாவது வகையில் வருகிறது. உதவும், ஆனால் அடுத்த தோல்வியில் கரைந்துவிடும்.

பந்தூராவின் குழு இதைப் பாம்புப் பயம் உள்ளவர்களிடம் சோதித்தது. சாதாரண அருவருப்பு இல்லை, அன்றாட வாழ்க்கையையே முடக்கும் அளவு பயம். பலன் தந்த முறை என்ன தெரியுமா? பயிற்சியாளர் முதலில் பாம்பைத் தான் கையாண்டு காட்டுவார். பிறகு பங்கேற்பவர் கையுறை போட்டுக்கொண்டு தொடுவார். அப்புறம் வெறும் கையால். தேவைப்பட்டால் பயிற்சியாளரின் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டு. படிப்படியாக உதவி குறைந்து, கடைசியில் அவரே தனியாகச் செய்வார். படம் பார்த்தவர்களையும் கற்பனையில் பழகியவர்களையும்விட இப்படிச் செய்து பார்த்தவர்களிடம் மாற்றம் பெரிதாக இருந்தது. யாரும் அவர்களிடம் “பயப்படாதே” என்று வாதாடி ஜெயிக்கவில்லை. கைதான் மனதுக்குச் சொல்லிக் கொடுத்தது.

சுருக்கமாக: நம்பிக்கை வந்த பிறகு செயல் என்று காத்திருக்க வேண்டியதில்லை. சின்ன அளவில், துணையோடு, செயலைத் தொடங்கினால் நம்பிக்கை பின்னால் வந்து சேரும்.

## சோதித்துப் பார்ப்பது எப்படி?

எண்ணங்களையும் செயல்களையும் சேர்த்துக் கையாளும் உளவியல் சிகிச்சை முறைக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று பெயர். ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960-களில் வளர்த்தெடுத்தது. அதில் உள்ள ஒரு கருவி, நாம் அன்றாட இலக்குகளுக்கும் எடுத்துக்கொள்ளத்தக்கது: ‘நடத்தைச் சோதனை’. நம்பிக்கையைக் கணிப்பாக மாற்றி எழுதி, அதைச் சிறிய அளவில் செய்து பார்ப்பது.

மறுபடி அந்தக் கூட்டத்துக்கே போவோம். “எனக்குப் பேச வராது” என்பதைச் சோதிக்க முடியாது. எதை வைத்து ‘வரும்’ அல்லது ‘வராது’ என்று முடிவு செய்வீர்கள்? எனவே அதை உடைத்துத் தாளில் எழுத வேண்டும். “வியாழக்கிழமைக் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டால், குரல் நடுங்கும். ஒருவராவது முகம் சுளிப்பார். யாரும் பதில் சொல்லாமல் அடுத்த விஷயத்துக்குப் போவார்கள். இப்படித்தான் நடக்கும் என்று 80 சதவீதம் நம்புகிறேன்.” தாளில் எழுதுவது வெறும் சம்பிரதாயம் இல்லை. எழுதாவிட்டால், நடந்து முடிந்த பிறகு மனம் பழைய கணிப்பைத் தன் வசதிக்குத் திருத்திக்கொள்ளும்.

அப்புறம், வழக்கமான கேடயங்களில் ஒன்றையாவது கீழே வைக்க வேண்டும். கேள்வியை முழு வாக்கியமாக எழுதி வைக்காமல் இரண்டு சொல் குறிப்போடு பேசிப் பார்க்கலாம். “சின்னச் சந்தேகம்தான், தவறாக இருக்கலாம்” என்ற முன்னுரையை விட்டுவிடலாம். அந்தக் கணத்தில் துணிச்சல் வரும் என்று நம்பிக் காத்திருப்பதைவிட, “தலைவர் ‘வேறு கேள்வி உண்டா’ என்று கேட்டால், உடனே கை தூக்குவேன்” என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுக்கொள்வது நல்லது. ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்ற வடிவில் திட்டமிடுவது, வெறும் எண்ணத்தைவிட அதிகமாகச் செயலில் முடிகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்து செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

கூட்டம் முடிந்த சூட்டோடு, நடந்ததை மட்டும் எழுதுங்கள். “முதல் இரண்டு சொற்களில் குரல் நடுங்கியது. ஒருவர் பதில் சொன்னார். இன்னொருவர் அதையே தொடர்ந்து கேட்டார். முகம் சுளித்தவரை நான் பார்க்கவில்லை.” ‘கேவலமாக இருந்தது’ என்பது நடந்தது இல்லை, அது தீர்ப்பு. அதற்குத் தாளில் இடமில்லை. இப்போது அந்த 80-ஐ மறுபடி கணக்கிடுங்கள். 65 ஆகியிருந்தாலே போதும். ஒரே நாளில் பூஜ்யமாகிவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

சரி, கணிப்பு பலித்துவிட்டால்? அதுவும் நடக்கும். அப்போது எந்தப் பகுதி பலித்தது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் ‘குரல் நடுங்கும்’ என்பது பலித்திருக்கும், ‘அதனால் எல்லாம் கெட்டுவிடும்’ என்பது பலித்திருக்காது. கேள்வி யாருக்கும் புரியவில்லை என்றால், அது கற்றுக்கொள்ள வேண்டிய திறமை பற்றிய தகவல். அடுத்த முறை சுருக்கமாகக் கேட்கப் பழகலாம். கணக்கோடு ஏழாம் பொருத்தம் என்றவருக்கும் இதே வழிதான். ஒரு வாரம் சதவீதக் கணக்கு மட்டும் போட்டுப் பார்த்தால், ‘கணக்கு வராது’ என்ற மாபெரும் வாக்கியம், ‘பின்னங்களைச் சுருக்குவதில் தடுமாறுகிறேன்’ என்ற சிறிய, தீர்க்கக்கூடிய வாக்கியமாக இறங்கி வரும்.

சோதனை சிறியதாக, தோற்றாலும் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டுத் தொழில் தொடங்கிப் பார்ப்பது சோதனை ஆகாது, பந்தயம். வேலையில் இருந்தபடியே ஒரே ஒரு வாடிக்கையாளரிடம் விற்றுப் பார்ப்பதுதான் சோதனை.

## இது செல்லாத இடங்கள்

1967-இல் உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்துச் செய்த சோதனைகள் பிரபலம். எதைச் செய்தாலும் தப்ப முடியாத மின்அதிர்ச்சிக்கு ஆளான நாய்களில் பல, பிறகு தப்ப வழி இருந்தபோதும் முயலாமல் கிடந்தன. ‘கற்றுக்கொண்ட கையறுநிலை’ என்று இதற்குப் பெயர் வந்தது. 2016-இல் அந்த இருவருமே மூளை ஆய்வுகளின் அடிப்படையில் தங்கள் விளக்கத்தைத் திருத்தினார்கள். நீண்ட துன்பத்தில் செயலற்றுப் போவது இயல்பான எதிர்வினை. ‘என் செயலால் நிலைமை மாறும்’ என்பதுதான் கற்றுக்கொள்ளப்படுவது என்றார்கள். எனக்கு இந்தத் திருத்தம் மிக முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால், நீண்ட காலம் எந்தக் கட்டுப்பாடும் இல்லாத சூழலில் வாழ்ந்தவரிடம் ‘நம்பிக்கை இல்லையே’ என்று குறைசொல்ல இதில் இடமே இல்லை. அவருக்குத் தேவை, தன் செயல் பலிக்கும் ஒரு சிறிய இடம்.

சூழலே உண்மையில் தடுக்கும்போது, மாற்ற வேண்டியது சூழலைத்தான். அதேபோல், ‘எதுவும் முடியாது’ என்ற எண்ணம் ஒரு செயலோடு நிற்காமல் தூக்கம், பசி, மனிதர்கள் மீதான ஆர்வம் என்று எல்லாவற்றையும் வாரக்கணக்கில் பிடித்துக்கொண்டால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அப்போது தாளும் பேனாவும் போதாது. மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்றையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. சோதனைகள் வெற்றி பெற்றாலும் பழைய கணிப்பு அழிந்துபோவதில்லை. அதன் பக்கத்தில் புதிய ஒன்று பதிகிறது, அவ்வளவுதான். நெடுநாள் இடைவெளி விட்டாலோ, புது இடத்துக்குப் போனாலோ பழையது மீண்டும் தலைதூக்கும். தெரிந்த பத்துப் பேர் முன்னால் சரளமாகப் பேசப் பழகியவர், புதிய குழுவில் முதல் நாள் வாயடைத்துப் போவது இதனால்தான். அதைப் பழைய நிலைக்கே திரும்பிவிட்டோம் என்று எடுத்துக்கொண்டு பலர் கைவிட்டுவிடுகிறார்கள். ஆகவே தொடக்கத்திலிருந்தே சோதனைகளை ஒரே இடத்தில், ஒரே ஆட்களிடம் செய்யாமல் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரு நாள் கூட்டத்தில், ஒரு நாள் தொலைபேசியில், ஒரு நாள் முன்பின் தெரியாத ஒருவரிடம்.